கலப்பிசை கேட்டு மகிழ்தல் குற்றமாமோ?

கண்ணுக்கு இமை உண்டு. நாவுக்கு இதழ் உண்டு. செவிக்கு அங்ஙனம் ஒரு கதவு வைக்கப்பட்டிலது. ஆகலின், காணத்தகாதன இவை, உண்ணத்தகாதன இவை என விதியும் விலக்கும் வகுத்தல் போல, கேட்கத்தகாதன இவை என வகுத்தல் எளிதன்று. அதனினும் அரியது, கேட்டு மகிழத்தகாதன யாவை என்னும் ஆராய்ச்சி. ஒன்றனைக் கேளாது அகன்று போதல் ஒருவாறு நம் வயத்தது. கேட்டவிடத்து உள்ளம் மகிழாதிருத்தல் நம் வயத்ததன்று. நம் வயத்ததல்லாத ஒன்றன்மேற் குற்றஞ் சாட்டுதல் பொருந்துமோ? பொருந்தாதெனின், மகிழ்ச்சி எத்தகையதாயினும் குற்றமற்றதென்று முடியுமோ? இவ்விரண்டனையும் ஈண்டு ஒரு சிறிது ஆராய்வாம்.

இவ்வினா எனக்கு ஏட்டினின்று எழுந்ததன்று. ஒரு நிகழ்ச்சியினின்று எழுந்தது. அது கேட்டு அன்பர் சிலர் நகுதலுங் கூடும். ஆயினும் உள்ளவாறு உரைத்தலே கடனாகலின் உரைக்கின்றேன்.

சென்ற மார்கழித் திங்களிற் சென்னையில் என் மகள் இல்லத்தில் தங்கியிருந்தேன். கல்லூரியிற் பயிலும் என் பேர்த்தி, இளைஞர் குழுவொன்றன் இசையரங்கிற்குச் செல்ல விரும்பினள். அவள் தாய்க்கு அன்று அலுவல் மிகுதியாகலின், துணையாகச் செல்லும் கடமை என்பாற்பட்டது. அக்குழுவினர் வாசிப்பது 'ஃபியூஷன்' என்று அவள் கூறினள். நம் நாட்டுப் பண்களையும் மேனாட்டு இசைமுறையையும் ஒருங்கு கலந்து இசைப்பதற்கு இக்காலத்தார் வழங்கும் பெயர் அது. யான் அதனைக் கலப்பிசை என்றே குறிப்பேன். செல்லும்போதே யான் தீர்ப்பெழுதிக்கொண்டு சென்றேன் என்பதை மறைத்தற்கில்லை. மடத்துப் பாடசாலையில் ஓதுவாமூர்த்திகள் பாட அருகிருந்து பண்முறை கேட்டு வளர்ந்த செவிக்கு அங்கு யாது கிடைக்கப்போகின்றது என்பதே என் எண்ணம்.

மேடையில் அறுவர் இருந்தனர். எல்லாரும் முப்பது வயதிற் குறைந்தவர். ஒருவன் பாடுவோன், ஒரு பெண் வயலின் வாசிப்போள், ஏனையோர் மின்கிதார், கீபோர்டு, டிரம்ஸ், மிருதங்கம் என்னும் இவற்றைக் கையாள்வோர். பாதரட்சையுடன் நின்று பாடியது எனக்கு உவர்ப்பை விளைத்தது. மிருதங்கம் வாசிக்கும் இளைஞன் மட்டும் அதனைக் கழற்றி ஒதுக்கிவிட்டுச் சிறு மணைமேற் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். முதற்பாட்டில் ஒலிபெருக்கிகள் முழங்கிய முழக்கத்தில் என் மார்பெலும்பு அதிர்ந்தது. இஃது இசையன்று, இரைச்சல் என்று உள்ளே எழுதிவைத்தேன். அடுத்து ஒரு திருப்புகழ் பாடினர். அருணகிரிநாதரின் சந்தம் தாளக்கருவிகளுக்கு நல்விருந்தாகலின் மிருதங்கமும் டிரம்ஸும் மாறி மாறி விளையாடின. ஆனால், சந்தம் நின்றதேயன்றிச் சொல் நின்றிலது. எழுத்தொன்றும் செவியிற்படாமல் முழக்கினுள் மூழ்கிற்று. இதுவும் என் தீர்ப்பிற்கு அரண் செய்தது.

மூன்றாவதாக, விளக்குகள் தணிக்கப்பட்டன. பாடுவோன் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரில் இருந்தபோது திருவாரூர்ப் பெருமானை நினைந்து ஆற்றாது பாடியருளிய பழம்பஞ்சுரப் பதிகத்தை விருத்தமாக எடுத்தான். பழம்பஞ்சுரம் இந்நாளிற் சங்கராபரணமாகப் பாடப்பெறுதலை அன்பர் அறிவர். மேனாட்டார் தம் இசைக்கு அடிப்படையாகக் கொண்ட பெருஞ்சுர வரிசையும் அதனோடு ஒத்ததே. இவ்வொற்றுமை நோக்கியே அவர்கள் அப்பதிகத்தைத் தெரிந்தனர் போலும். அப்பொழுது டிரம்ஸ் முற்றும் ஓய்ந்தது. கீபோர்டு வாசிப்போன் ஆதாரசுருதியை மட்டும் மெல்லெனப் பிடித்திருந்தான். பாடுவோன் ழகர ளகரங்களைப் பிறழாது ஒலித்தான். ஓரிடத்தில் மட்டும் சீர் பிரித்தல் தவறிற்று. பிரிவாற்றாமை முதிரும் ஓரடியை அவன் பாடி நிறுத்தியவழி, கிதார் வாசிப்போன் அச்சங்கதியையே தன் கருவியில் எடுக்க முயன்றான். நரம்பை அழுத்தி இழுத்தான். கமகம் ஒரு நூலளவு குறைந்து நின்றது. முகம் சுருங்கினான், மீண்டும் இழுத்தான், இம்முறை சுரம் தன் இடத்தில் வந்து அமர்ந்தது. பாடுவோன் அவனை நோக்கித் தலையசைத்தான். அரங்கம் முழுவதும் மூச்சடங்கியிருந்தது. பின்னர் அப்பாட்டையே தாளத்தில் அமைத்து எல்லாருங் கூடி இசைத்தனர்.

அரங்கு முடிந்து வெளிப்போந்தபோது பேர்த்தி, “தாத்தா, உங்களுக்குப் பிடித்ததா?” என்றாள். “ஏதோ, பொழுது போயிற்று” என்றேன். அவள் சிரித்து, “பொழுது போனதற்கா தொடையிலே தாளம் போட்டீர்கள்?” என்றாள். யான் விடையிறுத்திலேன். அன்றிரவு உறக்கமும் வந்திலது. ஒரு குழந்தையிடம் பொய் கூறினேன் என்பது ஒன்று. நெடுநாட்களுக்கு முன் நிகழ்ந்த பழைய செய்தியொன்று உடன் நினைவிற்கு வந்து உறுத்தியது மற்றொன்று. அதனைப் பின்னர்க் கூறுவல்.

இனி ஆராய்ச்சிக்கு வருவாம். கலப்பிசையை விலக்குவோர் கூறும் காரணம் இரண்டு. கலப்பு என்பதே தூய்மைக்கு இழுக்கென்பது ஒன்று. இத்தகைய மகிழ்ச்சி பொறிவழிப்பட்ட போகமே ஆதலின் ஆன்மாவைப் பிணிக்கும் என்பது மற்றொன்று.

முதலாவதனை நோக்குவாம். பாலிற் பிறிதொன்று கலத்தலாகாது என்பர். உப்புக் கலந்தாற் பால் திரிந்துபோம். உறைமோர் கலந்தால் தயிராகி நெய்க்கு வழியாம். ஆகலின், கலந்ததா என்பது வினாவன்று. கலந்தது யாது, கலந்தபின் விளைந்தது யாது என்பனவே வினா. நம் இசை வரலாறும் இதனையே காட்டும். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நாம் காண்டல் அரிது. அஃது ஐரோப்பியர் கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை நம் இசைக்கு உரியதாக்கினர். முத்துசுவாமி தீட்சிதர் தாமும் ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்திற் கேட்ட மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியங்கள் இயற்றினர். 'நோட்டுசுவரம்' என வழங்கும் அவை ஏறத்தாழ 40 ஆம். ஆங்கில அரசை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அப்பெரியார் இசையின் தூய்மையை அறியாதவர் என்று எவரும் கூறத் துணியார்.

அஃது ஒழிக, திருமுறையையே நோக்குக. திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் யாழிலிட்டு வாசித்தனர். அந்த யாழ் வழக்கொழிந்து பன்னூறாண்டுகள் ஆயின. 1947-ல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' எழுந்ததும், மறைந்த அக்கருவியின் இயல்பைத் தேடிக் காணவேண்டியிருந்தமையானன்றோ? இன்று நம் ஓதுவார்கள் பலர் பக்கத்தில் வைத்திருக்கும் சுருதிப்பெட்டி மின்னால் இயங்குவது. அதனை எவரும் கலப்பு என்று கடிந்திலர். பழகிய கலப்பைத் தூய்மை என்றும், பழகாத தூய்மையைக் கலப்பு என்றும் கூறுவது மனித இயல்பு.

அற்றேல், எல்லாக் கலப்பும் ஏற்புடையதோ எனின், அற்றன்று. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல் விலக்கிற்று. 1971-ல் தான் அவ்விலக்கைத் தளர்த்திற்று. அக்கருவியின் கட்டைகள் சுரங்களைத் தனித்தனியே நிறுத்தி ஒலிப்பன. ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்திற்கு அவற்றில் இடமில்லை. அவ்விலக்கு மிகையா, தக்கதா என்பது ஒருபுறமிருக்க, அதன் உட்கிடையான காரணம் உண்மையே. கருவிக்காகப் பண் வளைந்தால் பண் அழியும். வயலினோ அவ்வாறு செய்ததன்று. மேனாட்டார் அதனை மோவாயின்கீழ்ப் பொருத்தி வாசிப்பர். நம்மவர் நிலத்தில் அமர்ந்து, அதன் தலைப்பக்கத்தைப் பாதத்தில் ஊன்றி, நரம்புகளைச் ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டினர். விரல் தடையின்றி வழுக்குதற்கு அவ்விருக்கை வேண்டியிருந்தது. ஆண்டுப் பண்ணுக்காகக் கருவி வளைந்தது, கருவியாளனும் வளைந்தான். எனவே, கலப்பை அளக்கும் கோல் இஃதென்று கொள்க: எது எதற்கு வளைந்தது?

இக்கோல்கொண்டு அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றை அளந்து காண்பாம். ஆங்கில நாட்டுக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயகராம் முதலியோர் கூடி 'சக்தி' என்னும் குழுவாயினர். 1975-ல் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரியொன்றில் அவர்கள் அவையினர்முன் வாசித்ததே அடுத்த ஆண்டில் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. அன்று சங்கரும் ஜாகிர் உசேனும் 25 வயதளவினர். இவருள் மெக்லாஃப்லின் செய்ததொன்று கருதத்தக்கது. அவர் வீணையும் பயின்றார். தம் கிதாரின் மெட்டுக்களுக்கு இடையேயுள்ள மரத்தைக் குழிவாகக் குடைவித்தார். வீணையிற்போல நரம்பை ஆழ அழுத்தவும் இழுக்கவும் வேண்டுமென்றே அவ்வாறு செய்தார். ஒலி தொடர்ந்து நிற்றற்பொருட்டுத் தனி நரம்புகளையும் குறுக்கே பொருத்தினார். பிற்காலத்து அக்குழுவினரோடு மாண்டலின் வாசித்த உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) இரட்டை நரம்புகளையுடைய அக்கருவியை ஐந்து ஒற்றை நரம்புகளையுடைய மின்கருவியாக மாற்றிக்கொண்டார். இவர்கள் எல்லாரும் கருவியைப் பண்ணிற்கு வளைத்தவர்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் அவ்விசை வாடாமைக்கு இதுவே ஏது. அக்குழுவின் 'திஸ் மோமென்ட்' என்னும் தொகுதி 2024-ல் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் ஜாகிர் உசேன் மறைந்தனர்.

யான் கேட்ட இளைஞர் குழுவையும் இதனாலேயே அளத்தல் முறை. திருப்புகழில் அவர்கள் பாட்டை முழக்கத்திற்கு வளைத்தனர், சொல் அழிந்தது. அது குற்றமே, அதனைக் குற்றமென்று கூறுதற்கு அஞ்சவேண்டுவதில்லை. ஒலியின் மிகுதியும் அவ்வாறே. இசையரங்குகளிற் சராசரி ஒலியளவு 100 டெசிபெலுக்கு மேற்படலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்துக் கூறியுள்ளது. பிறர் செவிக்கு ஊறு செய்யும் ஒலி, எப்பண்ணில் அமைந்ததாயினும் அறமாகாது. ஆயின், பழம்பஞ்சுரத்தில் அறுவரும் வளைந்தனர். டிரம்ஸ் வாசிப்போன் தன் கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு வாளா இருந்தான். அவன் அரங்கிற்கு வந்ததே ஒலி எழுப்புதற்கு. ஒலி எழுப்பாமல் இருந்தது அவன் பாட்டிற்குச் செய்த தொண்டு. கிதார் வாசிப்போன் முதன்முறை தவறியதும், தவற்றை முழக்கத்தால் மூடாது மீண்டும் முயன்றதும் அத்தகையனவே. இவ்விரண்டு பாட்டையும் ஒரே தீர்ப்பிற் கட்டிய யானே ஆராய்ச்சியிற் பிழைத்தேன்.

இனி இரண்டாவது தடையை ஆராய்வாம். இசையின்பம் பொறிவழிப்பட்டது, அராகம் என்னும் தத்துவம் விழைவை எழுப்புவது, இசைக்கும் இராகம் என்றே பெயர், எனவே இஃது ஆன்மாவைப் பிணிக்கும் கயிறு என்பர். பற்றுக்கும் பண்ணுக்கும் ஒரு சொல்லே பெயராயது உண்மையே. ஆனால், நம் சித்தாந்தம் போகத்தைப் பொய்யென்று கூறுவதன்று. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. செம்மலரை அடுத்த படிகம் செம்மையையும், கருமலரை அடுத்த படிகம் கருமையையும் காட்டுதல் போல்வது. ஆகலின், இன்பம் வந்ததா என்று வினவுதல் போதாது. அவ்வின்பத்தின்போது ஆன்மா எதனைச் சார்ந்திருந்தது என்று வினவுதல் வேண்டும். ஒரே பாட்டைக் கேட்டு ஒருவன் பாடுவோன் அழகைச் சார்வான்; ஒருவன் தன் இசையறிவின் பெருமையைச் சார்வான்; ஒருவன் பாட்டின் பொருளைச் சார்வான். செவி ஒன்று, இசை ஒன்று, சார்பு மூன்று.

ஈண்டு அரங்கில் நேரே கேட்டலுக்கும், கையிலுள்ள கருவியிற் கேட்டலுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. பதிவாகிய பாட்டிற்குக் கேட்போன் ஆண்டான். வேண்டாதவழி நிறுத்துவான், வேண்டியவழி மீட்டும் எழுப்புவான், பாதியிற் பிறிதொன்றுக்குத் தாவுவான். அரங்கில் அமர்ந்தோன் அத்தகைய ஆண்டான் அல்லன். பாடுவோன் எடுத்தபோது எடுக்கவும், நிறுத்தியபோது நிற்கவும் அவன் உள்ளம் கடமைப்பட்டது. மேலும், பதிவிற் பிழை அரிந்தெறியப்பட்டிருக்கும். அரங்கிற் பிழைக்கும் அச்சம் பாடுவோனுக்கும் உண்டு, கேட்போனுக்கும் உண்டு. கிதார்க்காரன் நரம்பு ஒரு நூலளவு குறைந்து நின்றபோது, அது நிறைதல் வேண்டுமென்று முன்பின் அறியாத பல நூற்றுவர் ஒருங்கே விழைந்தோம். நிறைந்தபோது ஒருங்கே மகிழ்ந்தோம். அதனால் எங்களுள் எவர்க்கும் ஊதியம் ஒன்றுமில்லை. தனக்கு ஊதியமில்லாத ஒன்றில், பிறன் ஒருவன் வெற்றியில், மனிதன் மகிழும்போது யான் எனது என்னும் செருக்கு ஒரு கணமேனும் தளர்கின்றது. அத்தளர்ச்சியை விளைக்கும் இன்பத்தைப் பிணிக்கும் கயிறென்று எங்ஙனங் கூறுவது?

ஆனாய நாயனார் வேய்ங்குழல் ஊதியபோது மேயும் ஆனிரை மேய்தல் மறந்து சூழ்ந்தன. தம்முட் பகைகொண்ட பாம்பும் மயிலும் பகை மறந்து ஒருங்கு அடைந்தன எனச் சேக்கிழார் பெருமான் உரைத்தருளினர். இசையால் விளையும் இன்பத்தைச் சோதிக்கும் உரைகல்லும் ஆண்டே அமைந்துள்ளது. பகை மறந்ததா என்பதே அது. கேட்டபின் உள்ளத்தில் இகழ்ச்சி குறைந்ததாயின் அவ்வின்பம் நன்று. இகழ்ச்சி மிகுந்ததாயின், கேட்டது தூய பண்ணேயாயினும் கேட்டவன் பெற்ற இன்பம் தீது. தூய கச்சேரி கேட்டு வெளிப்போந்து பாடியவரைப் பழித்துக்கொண்டே இல்லம் அடைந்த நாட்கள் எனக்குப் பல உண்டு. அவற்றையெல்லாம் யான் இசைச்சுவை என்றே எண்ணியிருந்தேன்.

இதனால், கலப்பிசை கேட்டு மகிழ்தல் தன்னியல்பிற் குற்றமன்று என்பது பெறப்பட்டது. எனின், அன்றிரவு என் நெஞ்சை உறுத்திய குற்றம் யாது? முற்கூறிய பழைய செய்தியை இனி உரைப்பேன்.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், யான் தமிழாசிரியனாயிருந்த பள்ளியில் பதினான்கு வயது மாணவன் ஒருவன் இருந்தான். குரல் கணீரென்றிருக்கும், ஒருமுறை கேட்டதை மறவான். மாலை வேளைகளில் அவனுக்குத் திருமுறை கற்பித்தேன். ஓராண்டிற் பல பதிகங்கள் அவனுக்குப் பாடமாயின. ஒரு நாள் பள்ளி மரத்தடியில் நண்பர் சூழ அமர்ந்து, எவரிடமோ இரவலாகப் பெற்ற கிதாரை மீட்டிக்கொண்டு, யான் கற்பித்த பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தான். அவன் பாடியது நன்றாயிருந்ததா என்று யான் கேட்டிலேன், கிதாரையே கண்டேன். எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்து, இனி உன் நாவில் திருமுறை வரலாகாது என்று கூறிவிட்டேன். அவன் ஒரு சொல்லும் மறுத்துரைத்திலன். கிதாரை உரியவன் கையிற் கொடுத்தான். மறுநாள் மாலை வந்திலன், பின்னரும் வந்திலன். நெடுநாட் கழித்து அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவனைக் கண்டபோது, அவன் அயல்நாட்டில் நல்ல அலுவலில் இருக்கின்றான் என்றும், பாடுவதை விட்டுப் பல்லாண்டுகள் ஆயின என்றும் அறிந்தேன். அப்பொழுதும் யான் வருந்தினேன் அல்லேன். பண்ணின் தூய்மையை ஒருவாறு காத்தோம் என்றே எண்ணினேன்.

அரங்கினின்று மீண்ட அன்றிரவு, உறக்கமின்றிக் கிடந்தபோது, யான் மாணவர்க்குப் பன்முறை பாடஞ்சொன்ன பெரியபுராண வரலாறொன்று புதிதாகத் தோன்றிற்று. திருத்தருமபுரத்தில் யாழ்ப்பாணரின் சுற்றத்தார், பிள்ளையாரின் பதிகம் பரவுவது இவர் யாழினாலே என்று பேசினர். அது கேட்டு உளம் நொந்த பாணர், யாழில் அடங்காததொரு பதிகம் பாடியருளவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டினர். பிள்ளையாரும் பாடியருளினர். யாழில் அது அடங்கிலது. பாணர் நடுக்குற்று, இக்கருவியாலன்றோ இக்குற்றம் நேர்ந்தது என்று யாழை முரிக்க ஓங்கினர். அப்பதிகத்திற்கு யாழ்முரி என்று பெயராயிற்றேயன்றி யாழ் முரியவில்லை. பிள்ளையார் அதனைத் தடுத்துத் தம் கையில் வாங்கி, இறைவன் புகழ் ஒரு கருவியின் அளவில் அடங்குவதோ என்றும், அடங்கிய அளவிலே வாசித்தல் அமையும் என்றும் தேற்றிப் பாணரிடமே மீட்டும் அளித்தனர்.

இவ்வரலாற்றிற்கு யான் எத்தனையோமுறை பொருள் கூறியுள்ளேன். மிடற்றுப்பாடலின் உயர்வு, கருவியின் தாழ்வு என்று முற்பகுதிக்கே விரித்துரைப்பேன். பிற்பகுதியைக் கதை முடிவாகக் கூறி நகர்ந்துவிடுவேன். கருவி குறையுடையதென்பது அங்கு ஐயமின்றித் தெரிந்துவிட்டது. குறையுடையதென்று தெரிந்தபின்னும் அதனை முரிக்க விட்டாரல்லர். இயன்ற அளவு வாசிக்க என்று கொடுத்தனர். அதுவே ஆசிரியன் செயல். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன் மீட்டிய கிதாரிற் பண் முழுவதும் அடங்கியிராது. அடங்கவில்லை என்பதை எடுத்துக்காட்டி, அடங்கும் அளவு இஃதென்று காட்டி, நரம்பை இவ்வாறு இழுத்துப் பார் என்று சொல்லியிருத்தல் கூடும். யான் அது செய்திலேன். பிள்ளையார் தடுத்த செயலையே யான் செய்தேன். முரிந்தது கிதாரன்று, ஒரு நல்ல குரல். எது எதற்கு வளைந்தது என்னும் கோலால் என்னையே அளந்தால், அன்று யான் எதற்கும் வளையவில்லை என்பதே கிடைக்கின்றது. பண்ணைக் காத்தேன் என்று எண்ணியதும் உண்மையன்று. பண்ணுக்குக் காவலன் யானே என்னும் செருக்கைக் காத்தேன்.

ஒருவன் கூறலாம்: கண்டிப்பில்லையேல் மரபு நிற்குமோ என்று. நில்லாது, கண்டிப்பு வேண்டும். பண்ணின் இலக்கணம் பிழைபடப் பாடுவோனைத் திருத்துதல் கடமை. சொல்லை முழக்கத்தில் மூழ்குவிப்போர்க்கு அது தவறென்று கூறுதலும் கடமை. ஆனால், திருத்துதல் வேறு, துரத்துதல் வேறு. திருத்துவோன் பாட்டைக் கேட்டபின் பேசுவான். துரத்துவோன் கேளாமலே பேசுவான். மரபு நிற்பது பாடுவோர் நாவில். பாடும் நா ஒன்றை அடைத்து மரபைக் காத்தேன் என்பவன், விதைநெல்லைச் சுட்டுக் களஞ்சியத்தைக் காத்தேன் என்பவனை ஒப்பான்.

ஆகவே, எடுத்துக்கொண்ட வினாவிற்கு என் முடிபு இது. இளைஞர் பாடும் கலப்பிசையைக் கேட்டு உள்ளம் மகிழுமாயின் அம்மகிழ்ச்சி குற்றமன்று. மகிழ்ந்ததனாலேயே அவ்விசை முழுவதும் நன்றென்று முடிவதுமின்று. நல்லதும் தீயதும் பாட்டுத்தோறும், ஏன், சங்கதிதோறும் பிரித்து அறியப்படல் வேண்டும். குற்றமாவது, மகிழ்ந்தும் மகிழ்ந்திலேன் எனல். அதனினுங் கொடிய குற்றம், கேளாமலே மகிழ மறுத்து, அம்மறுப்பைக் கொள்கையென்று பெயரிட்டுப் பிறர் வாயை அடைத்தல். முன்னது என் பேர்த்தியிடம் செய்தது. பின்னது என் மாணாக்கனிடம் செய்தது. இரண்டிற்கும் வித்து ஒன்றே.

மறுநாட் காலையில் பேர்த்தியை அழைத்து, “அம்மா, நேற்று நான் சொன்னது பொய், மூன்றாவது பாட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டாவது பாட்டில் சொல் கேட்கவில்லை, அந்தப் பிள்ளைகளைக் கண்டால் சொல்லு” என்றேன். அவள் சொல்லுவதாகக் கூறினள். சுந்தரர் சீர் பிரித்த இடத்தையும் எழுதிக் கொடுத்தனுப்பினேன்; அவர்கள் அடுத்தமுறை திருத்திப் பாடுவராயின் மகிழ்ச்சியே.

மற்றொரு கடன் அத்துணை எளிதன்று. அவ்வகுப்புத் தோழனிடம் மாணாக்கன் முகவரியைக் கேட்டுப் பெற்று ஒரு கடிதம் எழுதினேன். மீண்டும் பாடு என்று அதில் எழுதவில்லை. அதனைக் கேட்கும் உரிமையை யான் இழந்தவன். அன்று மரத்தடியில் நீ பாடியதை யான் கேளாமலே கடிந்தேன், அது தவறு, என்று மட்டும் எழுதினேன். இதனை எழுதும் இந்நாள்வரை விடை வந்திலது. வாராதொழியினும் அவன்மேற் குறையில்லை. 25 ஆண்டுகள் காத்திருந்தது அவன். சில திங்கள் யான் காத்திருத்தல் பெரிதன்று.

திருச்சிற்றம்பலம்.